கதவைத் தட்டியவள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

"நன்றியைப் பற்றிப் பேசுங்கள் டீச்சர், உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள்" என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, மறுபேச்சின்றிச் சம்மதித்தேன். ஒருத்திக்குச் சொல்ல வேண்டிய நன்றி நவம்பர் மாதத்திலிருந்து என் நெஞ்சில் கிடக்கிறது. முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலைநாட்டில் மழைக்கு நாங்கள் அஞ்சுவதில்லை. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டைக்கடியையும் பொருட்படுத்தாமல் மழையிலேயே தேயிலைக் கொழுந்தெடுக்கிற சனங்கள் நாங்கள். ஆனால் அந்த மழை வேறு விதமாகப் பெய்தது. இடைவெளியே இல்லை. முதலில் மின்சாரம் போனது. பின்னேரம் கைத்தொலைபேசியில் சிக்னலும் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு மேலே 24 காம்பராக்கள், அதாவது அறைகள், கொண்ட இரட்டை லயம் ஒன்று இருக்கிறது. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியது. அந்த லயத்துப் பிள்ளை ஒருத்தி, கொழும்பில் ஒரு துணிக்கடையில் மூன்று வருடம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். சிங்களம் நன்றாக வாசிப்பாள். சிக்னல் அறுந்துபோவதற்குச் சற்று முன்பு, கடையில் கூட நின்ற சிங்களத் தோழி ஒருத்தி அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். எங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை, சிவப்பு நிறம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அந்தச் செய்தி சிங்களத்தில் இருந்தது. தமிழில் எங்கள் லயத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை.

அவள் செய்தியை வாசித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். மலைக்குள்ளிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் அது. எவ்வளவு மழை பெய்தாலும் கண்ணாடி மாதிரி விழும். அன்று பால் தேத்தண்ணி நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஊற்று திடீரென்று கலங்கினாலோ, வற்றினாலோ, இல்லாத இடத்தில் புதிதாகப் பீறிட்டாலோ மலை நகரப்போகிறது என்று அர்த்தம். மரம் சாய்வதும் தரை வெடிப்பதும் அதே அறிகுறிகள்தான். இதையெல்லாம் நான் 34 வருடம் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அந்த இரவில் பீலிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

ஒவ்வொரு காம்பராவாகத் தட்டினாள். பலர் எழும்பவில்லை. "என் அப்பன் பிறந்த லயம் இது, இத்தனை மழையைப் பார்த்துவிட்டது, இன்றைக்கா விழப்போகிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அவள் யாரோடும் வாதாடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போனாள்; விட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்த இரண்டைத் தூக்கினாள். பிள்ளைகள் போனால் தாய் தகப்பன் பின்னால் போகத்தானே வேண்டும்? தாய் தகப்பன் போனால் கிழவன் கிழவி தனியாக என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டுக் கதவையும் அவள்தான் தட்டினாள். "டீச்சர், செருப்பைத் தேடாதீர்கள், வாருங்கள்" என்றாள்.

நள்ளிரவு தாண்டி ஒரு சத்தம் கேட்டது. கருங்கல் ஏற்றிய லொறி ஒன்று அப்படியே சரக்கைக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் லயத்தின் மேற்குப் பக்கத்தில் ஆறு காம்பராக்கள் இல்லை. சுவர் இருந்த இடத்தில் செம்மண்ணும், அதற்குள் ஒரு தேயிலைச் செடி வேரோடு தலைகீழாகவும் நின்றன. ஆட்கள் எல்லோரும் பாடசாலை வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் புயலில் இந்த நாடு 600க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலைநாட்டு மாவட்டங்களில்தான் இழப்பு மிக அதிகம். அந்தக் கணக்கில் எங்கள் லயத்து ஆள் ஒருவர்கூட இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியதை நாங்கள் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருப்பதைக் கதவுவரை கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் இருந்தாள்.

ஐந்தாம் நாள் வீதி திறந்தது. லொறிகள் வந்தன. அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம், படுக்கை விரிப்பு எல்லாம் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள், கிழக்கிலிருந்து வந்தார்கள், சிங்களக் கிராமங்களிலிருந்து சமைத்த சோற்றுப் பொதிகளோடு வந்தார்கள். பசித்த வயிற்றுக்கு அவை பெரிய உதவி. அதை மனதாரச் சொல்கிறேன். அவர்களோடு கைத்தொலைபேசிக் கமெராக்களும் வந்தன.

எங்கள் லயத்தில் 80 வயதைத் தாண்டிய ஒரு அப்பாயி இருக்கிறார். 50 வருடம் கொழுந்தெடுத்தவர். காம்பராவும் போய், அதற்குள் இருந்த இரண்டு சேலைகளும் சாமிப்படமும் போய், பாடசாலை வாசலில் நின்றார். உலர் உணவுப் பொதியை ஒரு தம்பி அவர் கையில் கொடுத்தார். இன்னொரு தம்பி கமெராவைப் பிடித்தார். "அம்மா, இங்கே பாருங்கள், நன்றி என்று சொல்லுங்கள்" என்றார்கள். அப்பாயி சொன்னார். காற்றுச் சத்தத்தில் குரல் பதியவில்லையாம். பொதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் கொடுத்து, மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். அப்பாயியின் கை நடுங்கியது. பொதி பாரம், அரிசியே ஐந்து கிலோ இருக்கும். இரண்டாம் முறை அவர் நன்றி என்று சொல்லவில்லை, "நல்லா இருங்கள் சாமி" என்றார். அது அவருடைய வாயில் இயல்பாக வருகிற சொல். மூன்றாம் முறையும் எடுத்தார்கள்.

நான் அந்தத் தம்பியிடம் போய்ப் பேசினேன். கெட்ட பிள்ளை இல்லை. இரண்டு நாள் தூங்காமல் உடைந்த வீதியில் லொறியோடு வந்திருக்கிறான். "படம் போட்டால்தான் டீச்சர் அடுத்த லொறிக்குக் காசு வரும், கொடுத்தவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள்" என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. "பொதிகளைப் படமெடு, லொறியைப் படமெடு, உடைந்த லயத்தைப் படமெடு. அந்த மனுசியின் முகத்தை விட்டுவிடு" என்று கேட்டுக்கொண்டேன். கேட்டான். அதன் பிறகு முகங்களை எடுக்கவில்லை. அவனுக்கும் என் நன்றி.

ஆனால் நான் நினைத்துப் பார்க்கிறேன்: அந்த ஒரு வாரத்தில் எங்கள் தோட்டத்தில் எத்தனை நூறு படங்கள் எடுக்கப்பட்டிருக்கும்? பொதி கொடுத்தவர்கள் எல்லாப் படங்களிலும் இருக்கிறார்கள். சந்தியில் ஒரு பெனர்கூடக் கட்டினார்கள், வந்துபோன ஒரு பெரியவரின் படத்தோடு, எங்கள் தோட்ட மக்கள் நன்றி சொல்வதாக. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கதவைத் தட்டிய பிள்ளை ஒரு படத்திலும் இல்லை. அவள் அந்த நேரம் பாடசாலைக்குப் பின்னால் நின்று 90 பேருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றி என்ற சொல்லைச் சற்றுப் பாருங்கள். செய்ந்நன்றி அறிதல் என்கிறோம். அங்கே நன்றி என்பது பதிலுக்குச் சொல்லும் வார்த்தையைக் குறிக்கவில்லை. ஒருவர் செய்த நன்மையைத்தான் குறிக்கிறது. அதை அறிய வேண்டும், அதாவது யார் எனக்கு என்ன செய்தார் என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வகுப்பில் இந்தச் சொல்லைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாவின் நினைவுதான் வரும்.

அப்பா 1930இல் இந்த மலையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் இங்கேயே பிறந்தவர். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தமிழரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனபோது அப்பாவுக்கு 18 வயது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பெரியப்பா இந்தியா பக்கம் விழுந்தார். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் தேயிலைதான். அப்பா இலங்கைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். வருடக்கணக்கில் காத்திருந்த பிறகு ஒரு நாள் சான்றிதழ் வாங்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் தாளை நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, குனிந்து கும்பிட்டார். உத்தியோகத்தர் தலை நிமிரவில்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அப்பா இன்னொரு தடவையும் கும்பிட்டார். வெளியில் வந்ததும் அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. பிறந்த மண்ணில் இருப்பதற்காக ஒரு மனிதன் கும்பிட்டதைப் பார்த்தேன் என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அந்த விண்ணப்பத்தை அப்பாவுக்கு நிரப்பிக் கொடுத்தவர் எங்கள் தோட்டப் பாடசாலையின் ஒரே ஆசிரியர். ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு, அவர் ஒருவர். மாலையில் லாம்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து லயத்து ஆட்கள் எல்லோருக்கும் படிவம் நிரப்புவார். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குப் தோட்டத்தின் பழைய பெரட்டுப் புத்தகங்களை, அதாவது ஆள் வரவுப் பதிவுகளை, தேடி ஆதாரம் எடுத்துக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். அவருக்கு அப்பா ஒருநாளும் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் சௌசௌக் கொடி காய்க்கத் தொடங்கியதும் முதல் பறிப்பு அவருக்குத்தான். ஒரு பை நிறையப் பறித்து, மேலே இரண்டு கட்டுக் கீரை வைத்து, என்னிடம் கொடுத்தனுப்புவார். "சேர், அப்பா கொடுக்கச் சொன்னார்" என்பேன். "எதுக்கடா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார். அவர் ஓய்வுபெற்று ஊர் போகும்வரை அது நிற்கவில்லை.

மேசைக்கு முன்னால் அப்பா கும்பிட்டது பயத்தில். சௌசௌப் பை கொடுத்தது நன்றியில். அப்பாவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். அரசாங்கம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும்போது கும்பிடுகிற பழக்கம் எங்கள் சனங்களிடம் இன்றைக்கும் இருக்கிறது. அதைக் காண எனக்கு மனம் வலிக்கிறது.

ஏனென்றால் கொடுக்க வேண்டியதிலேயே இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. விலாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இருக்கும், ஆனால் தபால்காரர் வந்து நிற்கிற வாசல் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. என்னிடம் படித்த ஒரு பிள்ளை உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒரு தோட்ட அலுவலகத்து மேசையில் 11 நாள் கிடந்திருக்கிறது. கையில் கிடைத்தபோது திகதி முடிந்துவிட்டது. உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தான். "நீங்களே பாருங்கள் டீச்சர்" என்றான். தபால் முத்திரையைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. அவன் இப்போது மத்திய கிழக்கில் சாரதி வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, பெருநாள் தவறாமல் கூப்பிடுவான்.

அல்லது வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித் தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்ய முடியாது என்று சொல்லிவந்தார்கள். நாங்கள் வாக்களித்து, எங்கள் ஆட்களையே உறுப்பினர்களாக அனுப்பி வைத்தும், எங்கள் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. 38 வருடம் கழித்து ஒரு சிவப்பு எச்சரிக்கை எங்கள் லயத்துக்குச் சிங்களத்தில், அதுவும் ஒரு தோழியின் அன்பினால் வந்து சேர்ந்தது.

புயலுக்குப் பிறகு சேத விபரம் எழுத ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம்: வீட்டின் உரிமையாளர் பெயர். அப்பாயி என்னிடம்தான் நிரப்பக் கொண்டுவந்தார். பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நான்கு தலைமுறையாக அந்தக் காம்பராவில் பிறந்து செத்திருக்கிறார்கள். காணி அவர்களுடையதில்லை, சுவரும் அவர்களுடையதில்லை. கடைசியில் "வசிப்பவர்" என்று எழுதி அவர் பெயரைப் போட்டேன். என் முன்னால் அந்தப் பழைய ஆசிரியர் லாம்போடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

2023இல் மலையகத்தார் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்தார்கள். எங்கள் பூட்டன் பூட்டிமார் காட்டு வழியே நடந்து வந்த அதே பக்கம். நானும் கடைசி நாளில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அந்த நடையில் எவரும் எதையும் இரந்து கேட்கவில்லை. காணி, வீடு, நியாயமான சம்பளம், மொழி என்று உரியதை உரிய பெயர் சொல்லிக் கேட்டார்கள். வீதியோரம் சிங்களத் தாய்மார் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். வாங்கிக் குடித்த ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கைகூப்பினார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஊடகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இப்போது பேசிக்கொண்டிருப்பதே ஊடகத்தில். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் கூடையோடு சிரிக்கும் எங்கள் பெண்களை உலகம் முழுவதும் தெரியும், அவர்களுடைய பெயர் எதிலும் இருக்காது. சம்பளப் போராட்டம் வந்தால் கமெரா வரும், மலை சரிந்தால் வரும்; மற்ற நாட்களில் நாங்கள் செய்தியில்லை. ஆனால் எங்களுக்காகவே நடந்த ஊடகமும் இந்த மலையில் இருந்திருக்கிறது. கோ. நடேசையர் 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். அந்நியர் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம். அவர் புடவை வியாபாரி போல வந்து தொழிலாளரைச் சந்தித்தார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வாசிக்கத் தெரியாத சனங்களுக்காக அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் உரிமைகளைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். செய்தி கதவுவரை போக வேண்டும் என்பதை 100 வருடங்களுக்கு முன்பே அந்த இரண்டு பேரும் விளங்கிவைத்திருந்தார்கள்.

பாடசாலையில் தங்கியிருந்த அந்த நாட்களில் எங்களிடம் இருந்தது ஒரு பழைய வானொலிப் பெட்டி. அதன் பற்றரிகள் செத்துக்கொண்டிருந்தன. பகலில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கி, இரவில் அரைமணி நேரம் போட்டுக் கேட்போம். 90 பேரும் மூச்சுவிடாமல் இருப்பார்கள். ஓர் அறிவிப்பாளர், தொண்டை கட்டிப்போன குரலில், மூடிக்கிடந்த வீதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசிப்பார். ஊர்ப் பெயர்களை எங்கள் உச்சரிப்பிலேயே சொல்வார். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை சொல்வார், எழுதிக்கொள்ள வசதியாக. அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாளே, இந்தப் பக்கம் வேலைக்குப் போன மகன் இருக்கிறானே என்று ஆட்கள் ஒவ்வொரு பெயருக்கும் தலைநிமிர்வார்கள். இலங்கையில் வானொலி தொடங்கி 100 வருடம் நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. அந்த அரைமணி நேரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே அரசாங்கம் அந்தக் குரல்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கதவைத் தட்டிய பிள்ளையின் பெயரை இங்கே சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "வேண்டாம் டீச்சர், அம்மா பயப்படுவார்" என்றாள். ஆகையால் சொல்லவில்லை. ஆனால் மகளே, இந்த நேரம் நீ மேல் லயத்தில் அடுப்படியில் இருப்பாய், அந்தப் பழைய பெட்டி திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு நீ தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனை என்று நான் எண்ணிவிட்டேன். பதினேழு. ஒவ்வொன்றின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோருக்கும் இந்த வருடம் பாடசாலையில் என்ன வகுப்பு என்பதும் தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாதிக் கொடியை மண் மூடிவிட்டது. மிச்சக் கொடி இந்த மாதம் காய்த்திருக்கிறது. முதல் பறிப்பை நேற்றே மேல் லயத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். இன்னொரு பை இங்கே வாசலில், காவலாளி ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த உரை முடிந்ததும், அந்த இரவுகளில் வீதிப் பெயர்களை வாசித்த அறிவிப்பாளர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டுப் போகப்போகிறேன். மேலே இரண்டு கட்டுக் கீரையும் வைத்திருக்கிறேன்.

வணக்கம்.